பூச்சிக்கு ஒதுக்கிய 120 கிராம்

இன்னைக்கு ஒரு விதை பாக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நம்ம நாட்டில் பல வருஷம் பி.டி. பருத்தி விதை விற்ற பாக்கெட்டுக்குள்ள இரண்டு பை இருக்கும். பெரிய பையில் 450 கிராம் பி.டி. விதை. சின்னப் பையில் 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை. அந்த 120 கிராமை வயலைச் சுற்றி ஐந்து வரிசையாகவோ, மொத்தப் பரப்பில் 20 சதவீதமாகவோ, எது அதிகமோ அந்த அளவுக்கு விதைக்கணும்னு விதிமுறை. எதுக்காக? காய்ப்புழு வந்து நிம்மதியா சாப்பிட்டு, வளர்ந்து, பறந்து போறதுக்காக.

கேட்கவே விசித்திரமா இருக்கு இல்லையா? புழுவைக் கொல்றதுக்குன்னு காசு கொடுத்து வாங்கின விதை. அதோட சேர்த்து, புழுவை வளர்க்க ஒரு விதை. பெரும்பாலான விவசாயிகள் அந்தச் சின்னப் பையைத் தூக்கிப் போட்டுட்டாங்க. இந்தச் சின்னப் பை ஏன் வந்தது, அதைத் தூக்கிப் போட்டதால் என்ன ஆச்சு, தப்பு யார் பக்கம்னு பார்க்கத்தான் இந்த எபிசோட். அதுக்கு முதல்ல அந்தப் பெரிய பையின் கதை தெரியணும்.

பட்டுப்புழுவும் மாவு மில்லும்

1901-ல் ஜப்பானில் ஷிகெதானே இஷிவாதா என்பவர் பட்டுப்புழுக்கள் திடீர்னு சுருண்டு விழுந்து சாகும் ஒரு நோயை ஆராய்ந்தார். அதுக்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பட்டு வளர்க்கிறவங்களுக்கு அது எதிரி. பத்து வருஷம் கழித்து ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர், மாவில் வரும் அந்துப்பூச்சியின் செத்த புழுவிலிருந்து அதே வகை பாக்டீரியாவை எடுத்தார். அந்தப் பூச்சி துரிங்கியா என்ற பகுதியிலிருந்து வந்தது. அதனால் 1915-ல் அதுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயர் வைத்தார். நாம சுருக்கமா பி.டி. என்று சொல்றது இதைத்தான்.

பட்டுப்புழுவைக் கொல்லும் என்றால், பயிரைத் தின்னும் புழுவையும் கொல்லுமே? 1938-ல் பிரான்சில் இதைப் பூச்சிமருந்தாக விற்க ஆரம்பிச்சாங்க. 1950-களில் ஹன்னே, ஆங்கஸ் ஆகியோரின் ஆய்வுகளால் விஷம் எங்கே இருக்குன்னும் தெரிந்தது. இந்த பாக்டீரியா தனக்குள்ளே ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குது. புழு அதைச் சாப்பிட்டால், அதன் குடலில் இருக்கும் காரத்தன்மையில் படிகம் கரையும். குடல் நொதிகள் அதை வெட்டி, செயல்படும் துண்டாக மாற்றும். அந்தத் துண்டு குடல் சுவரில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியில் போய் ஒட்டி, செல்லில் ஓட்டை போடும். சில மணி நேரத்தில் புழு சாப்பிடறதை நிறுத்திடும், சில நாளில் செத்துடும். நம்ம வயிறு அமிலத்தன்மை கொண்டது, நம்ம குடலில் அந்த ஏற்பியும் இல்லை.

ஆனா ஸ்பிரே அடிக்கிறதில் இரண்டு பிரச்சினை. வெயிலில் சீக்கிரம் சிதைஞ்சிடும். காய்க்குள்ளே போய் உட்கார்ந்துட்ட புழுவைப் போய்ச் சேராது. பருத்தியிலும் கத்தரியிலும் நமக்குத் தலைவலியே காய்க்குள்ளே இருக்கிற புழுதானே? அப்போ மருந்தைச் செடிக்கு மேலே அடிக்காமல், செடிக்குள்ளேயே உண்டாக்க முடியுமா? இந்தக் கேள்விதான் கதையை பெல்ஜியத்துக்குக் கொண்டுபோகுது.

கென்ட் நகரத்து ஆய்வகம்

மார்க் வான் மொன்டாகு, 1933-ல் கென்ட் நகரத்தில் பிறந்தவர். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியலாளர். அவரும் நண்பர் ஜெஃப் ஷெல்லும் சேர்ந்து ஆராய்ந்தது பூச்சியை இல்லை. செடியின் தண்டில், மண்ணை ஒட்டிய இடத்தில் கட்டி கட்டியாக வீங்க வைக்கும் ஒரு நோய். அதை உண்டாக்குவது அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா. இதில் ஒரு புதிர் இருந்தது. அமெரிக்காவில் ஆர்மின் பிரவுன் 1940-களிலேயே காட்டியிருந்தார்: பாக்டீரியாவை முழுசா அகற்றிய பிறகும் கட்டி தானாக வளர்ந்துகொண்டே போகுது. அப்படின்னா பாக்டீரியா எதையோ உள்ளே விட்டுட்டுப் போயிருக்கு. எதை?

1974-ல் கென்ட் குழு, கட்டியை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் மட்டும் ஒரு பெரிய வட்ட வடிவ டி.என்.ஏ. இருப்பதைக் கண்டுபிடித்தது. அதுதான் டி.ஐ. பிளாஸ்மிட். 1977-ல் அமெரிக்காவில் மேரி-டெல் சில்டன் குழு, அந்த பிளாஸ்மிட்டின் ஒரு துண்டு செடியின் செல்லுக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருப்பதைக் காட்டியது. அதாவது, மனிதன் கையில் எடுக்கிறதுக்கு ரொம்ப காலம் முன்பே, இந்த பாக்டீரியா செடிகளில் மரபணு மாற்றம் செஞ்சுட்டு இருந்திருக்கு. தனக்கு வேண்டிய சாப்பாட்டைச் செடியே தயாரிக்கும்படி மாற்றி வைத்திருந்தது.

அடுத்த படி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கட்டி உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை அங்கே வைத்தால், பாக்டீரியாவே அதைச் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1983 ஜனவரியில் மயாமியில் நடந்த ஒரு கருத்தரங்கில் மூன்று குழுக்கள் இதைச் செஞ்சுட்டோம்னு அறிவித்தன: வான் மொன்டாகுவும் ஷெல்லும் சேர்ந்த ஐரோப்பியக் குழு, சில்டன் குழு, மான்சான்டோ நிறுவனத்தின் குழு.

இதுக்கிடையில் இன்னொரு பக்கம், 1981-ல் அமெரிக்காவில் ஷ்னெப்பும் ஹெலன் வைட்லியும் பி.டி. விஷப் புரதத்துக்கான மரபணுவைத் தனியாகப் பிரித்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டார்கள். மரபணு கையில் வந்தாச்சு, கொண்டுபோகும் வண்டியும் வந்தாச்சு. வான் மொன்டாகுவும் ஷெல்லும் 1982-ல் தொடங்கிய பிளான்ட் ஜெனடிக் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இரண்டையும் சேர்க்க இறங்கியது.

நேரா போட்டதும் வேலை செய்யலை. முழு மரபணுவைப் போட்டால் செடியில் புரதம் சரியாக உண்டாகவில்லை. அதனால் புழுவைக் கொல்லத் தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அதோட வால் பகுதியில், கானமைசின் என்ற மருந்தைத் தாங்கும் சக்தி தரும் இன்னொரு மரபணுவை ஒட்டினார்கள். இரண்டும் ஒரே புரதமாக வரும். இப்போ செல்களைக் கானமைசினில் வளர்த்தால், புரதத்தை நிறைய உண்டாக்கும் செல் மட்டும்தான் பிழைக்கும். ஆயிரக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை, மருந்தே வடிகட்டிக் கொடுத்துடும். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடிச்ச யோசனை இதுதான்.

1987-ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் மார்க் வேக், பட்டியலில் வான் மொன்டாகுவும் உண்டு. புகையிலைச் செடியில் கொம்புப்புழுக் குஞ்சுகளை விட்டார்கள். சாதாரணச் செடியின் இலையைப் புழு காலி செய்தது. மாற்றிய செடியில் இலை தப்பித்தது, புழு செத்தது. அதே வருஷம் அமெரிக்காவில் மான்சான்டோ தக்காளியிலும், அக்ரசீட்டஸ் என்ற நிறுவனம் புகையிலையிலும் இதே மாதிரி செய்து காட்டின. 2013-ல் வான் மொன்டாகு, சில்டன், மான்சான்டோவின் ராபர்ட் ஃபிரேலி மூவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஸ்பெல்லிங் மாத்தினால் போதும்

புகையிலைக் கொம்புப்புழு பி.டி.க்கு ரொம்ப எளிதாகச் செத்துப்போகும் புழு. பருத்திக் காய்ப்புழுக்கள் அப்படி இல்லை. அவற்றைக் கொல்ல நிறைய புரதம் வேணும். செடியோ கொஞ்சூண்டுதான் உண்டாக்குது. ஏன்?

இந்த இடம் சாஃப்ட்வேர் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மரபணு என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்தில் எழுதிய வரிசை. மூணு மூணு எழுத்தா படிக்கணும். மொத்தம் 64 சொற்கள், ஆனா அமினோ அமிலங்கள் 20தான். அதனால் ஒரே அமினோ அமிலத்தைப் பல ஸ்பெல்லிங்கில் எழுதலாம். பாக்டீரியாவின் ஸ்பெல்லிங் பழக்கம் வேற, செடியின் பழக்கம் வேற. பி.டி. மரபணுவில் ஏ-யும் டி-யும் ரொம்ப அதிகம். அதில் தற்செயலாக வரும் 'ஏ ஏ டி ஏ ஏ ஏ' மாதிரியான வரிசைகளைச் செடியின் செல் "இங்கே வாக்கியம் முடிஞ்சது, வெட்டு"ன்னு படிக்குது. ஒரு சிஸ்டத்தில் வெறும் டேட்டாவா இருக்கிறதை இன்னொரு சிஸ்டம் கட்டளையா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? அதே கதை.

மான்சான்டோவில் ஃபிரெட் பெர்லாக் குழு 1991-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தீர்த்தது. புரதம் ஏறக்குறைய அதேதான், எழுத்துகளை மட்டும் மாற்றி எழுதினார்கள். "இங்கே வெட்டு" என்று செடி படிக்கக்கூடிய இடங்கள் 18 இருந்தன, அதை ஒன்றாகக் குறைத்தார்கள். வெறும் 3 சதவீத எழுத்துகளை மாற்றியதில் புரதம் 10 மடங்கு கூடியது. 21 சதவீதம் மாற்றியபோது 100 மடங்கு வரை கூடியது. இந்த 100 மடங்கை மனசில் வச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும். 1996-ல் அமெரிக்க வயல்களில் பி.டி. பருத்தி வணிகரீதியாக விதைக்கப்பட்டது.

இதுவரைக்கும் சொன்னது வெற்றிக் கதை. இந்தத் துறையைப் பற்றிப் பேசுறவங்க பெரும்பாலும் இங்கே நிறுத்திடுவாங்க, இல்லைன்னா நேரா சண்டைக்குப் போயிடுவாங்க. நடுவுல இன்னொரு கதை இருக்கு.

எச்சரிக்கை முன்பே வந்தது

1985-ல், அதாவது கென்ட் புகையிலைக் கட்டுரைக்கு இரண்டு வருஷம் முன்பே, அமெரிக்க வேளாண் துறையின் வில்லியம் மெக்காஹி சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தானியக் கிடங்குகளில் வரும் ஒரு வகை அந்துப்பூச்சிக்கு எதிராக பி.டி. பொடி பயன்படுத்தி வந்தாங்க. சில தலைமுறைகளுக்குள்ளேயே பூச்சி அதைத் தாங்கப் பழகிவிட்டது என்று காட்டினார். ஆய்வகத்தில் பி.டி. கலந்த உணவில் வளர்த்தபோது, தாங்கும் சக்தி இரண்டே தலைமுறையில் கிட்டத்தட்ட 30 மடங்கு, 15 தலைமுறையில் 100 மடங்கு. நிலத்தில் பயன்படுத்தும் மருந்துகளில் பி.டி.க்கு மட்டும் எதிர்ப்பு வராதுன்னு நம்பினவங்களுக்கு அது அதிர்ச்சி.

அதே கட்டுரையில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. அந்த எதிர்ப்பு ஒடுங்கு பண்பாகத்தான் கடத்தப்பட்டது. பள்ளிக்கூடத்தில் படிச்ச மெண்டல் பட்டாணியை ஞாபகப்படுத்திக்கோங்க. அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் புழு பிழைக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் செத்துடும்.

பிறகு பிளான்ட் ஜெனடிக் சிஸ்டம்ஸ் ஆட்கள் மெக்காஹியோடு சேர்ந்து அவருடைய பூச்சிகளையே ஆராய்ந்தார்கள். 1990-ல் முடிவு வந்தது. எதிர்ப்பு பெற்ற பூச்சியின் குடலில், அந்தப் புரதம் ஏற்பியோடு ஒட்டும் பிடிப்பு 50 மடங்கு குறைந்திருந்தது. பூட்டு மாறிடுச்சு, சாவி பழசு. ஆனா வேறொரு பி.டி. புரதம் அதே பூச்சியை நல்லாவே கொன்றது. அதே வருஷம் புரூஸ் டபாஷ்னிக் என்ற பூச்சியியலாளரின் குழு, ஹவாய் வயல்களில் முட்டைகோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி பி.டி. ஸ்பிரேவுக்கு எதிர்ப்பு பெற்றுவிட்டதைப் பதிவு செய்தது.

அதனால், பி.டி. செடி சந்தைக்கு வருவதற்கு முன்பே இவ்வளவும் தெரியும். பூச்சி பழகும். எப்படிப் பழகும் என்பதும் தெரியும். அதைத் தள்ளிப்போடும் வழியும் தெரியும். அந்த வழிதான் புகலிடம்.

கணக்கு எளிமையானது. பி.டி. வயலில் லட்சக்கணக்கான புழுக்களில் எங்கோ ஒன்றிரண்டு எதிர்ப்போடு பிழைக்கும். அவை அந்துப்பூச்சியாகி, ஒன்றோடொன்று சேர்ந்தால் குஞ்சுகள் எல்லாமே எதிர்ப்போடு பிறக்கும். ஆனா பக்கத்திலேயே சாதாரணப் பருத்தி இருந்து, அதில் சாதாரணப் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் வளர்ந்திருந்தால்? எதிர்ப்பு பெற்ற பூச்சிக்கு ஜோடி அங்கிருந்துதான் கிடைக்கும். அவற்றின் குஞ்சுகளுக்கு எதிர்ப்பு மரபணு ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். செடியில் விஷம் போதுமான அளவு இருந்தால் அந்தக் குஞ்சுகள் செத்துடும். பெர்லாக்கின் 100 மடங்கு இங்கேதான் முக்கியம். விஷம் அரைகுறையா இருந்தால் இந்தக் கணக்கு உடைஞ்சிடும்.

இப்போ தெரியுதா, அந்த 120 கிராம் பை எதுக்குன்னு? அது காப்பீட்டுப் பிரீமியம் மாதிரி.

ஒரே புழு, மூன்று நாடு

இளஞ்சிவப்பு காய்ப்புழுன்னு ஒரு புழு. அறிவியல் உலகத்துக்கு முதலில் அறிமுகமானதே இந்தியப் பருத்தியிலிருந்துதான், 1840-களில். பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கிட்டத்தட்ட பருத்தியை மட்டுமே நம்பி வாழும். பருவத்தின் கடைசியில்தான் பெருகும். இந்த ஒரே புழு, ஒரே க்ரை 1ஏசி புரதத்தை மூன்று நாடுகளில் சந்தித்தது.

முதலில் அமெரிக்காவின் அரிசோனா. 1997-ல் வயலிலிருந்து எடுத்த புழுக்களைச் சோதித்தபோது, எதிர்ப்பு மரபணு எதிர்பார்த்ததைவிட ரொம்ப அதிகமாக இருந்தது. சீக்கிரமே எல்லாம் கைவிட்டுப் போயிடும்னுதான் பயந்தாங்க. போகவில்லை. பெரிய பண்ணைகள், புகலிட விதியைப் பெரும்பாலும் பின்பற்றினார்கள், கண்காணிப்பும் இருந்தது. 2006 முதல் இன்னொரு வழியையும் சேர்த்தார்கள். மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து விட்டார்கள், மொத்தம் ஆயிரம் கோடிக்கும் மேல். எதிர்ப்பு பெற்ற பூச்சிக்கு ஜோடி கிடைத்தாலும் குஞ்சு பிறக்காது. 2018 அக்டோபரில் அமெரிக்கப் பருத்தி வயல்களிலிருந்து இந்தப் புழு ஒழிக்கப்பட்டதாக அந்த நாட்டு வேளாண் துறை அறிவித்தது.

அடுத்து இந்தியா. 2002 மார்ச்சில் மூன்று ஹைப்ரிட்களுக்கு அனுமதி கிடைத்தது. அதுக்கு முந்தின வருஷமே குஜராத்தில் அனுமதி இல்லாத பி.டி. பருத்தி வயலில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதில் புகலிடமெல்லாம் பேச்சுக்கே இல்லை. ஆரம்பத்தில் பலன் நல்லாவே இருந்தது, மருந்துச் செலவு குறைஞ்சது. 2001-02-ல் 158 லட்சம் பேலாக இருந்த பருத்தி உற்பத்தி 2013-14-ல் 398 லட்சம் பேலுக்குப் போனது. பாசனம், உரம், பரப்பு எல்லாத்துக்கும் அதில் பங்கு உண்டு, பி.டி. மட்டும் காரணம்னு சொல்ல முடியாது.

2010-ல் மான்சான்டோவே அறிவித்தது: குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்பு காய்ப்புழு க்ரை 1ஏசி-க்கு எதிர்ப்பு பெற்றுவிட்டது. 2006-லேயே இரண்டு புரதம் கொண்ட போல்கார்டு 2 வந்திருந்தது. ஆனா இரண்டு புரதத்தின் பலமே, ஒன்று தவறினாலும் மற்றது கொல்லும் என்பதுதான். முதல் புரதத்தைப் புழு ஏற்கெனவே தாண்டிட்டதால், இரண்டாவது தனியாளா நின்னது. சில வருஷத்தில் அதுவும் விழுந்தது. 2017-ல் மகாராஷ்டிராவில் காய்ப்புழு வயல் வயலாகச் சேதம் செய்தது. அதே பருவத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் பலர் விஷம் ஏறி இறந்தார்கள். அந்த மரணங்களுக்குக் காரணம் பல. ஆனா மருந்து அடிக்கிறதைக் குறைக்க வந்த ஒரு விதையின் கதையில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன். அமெரிக்கன் காய்ப்புழு என்று சொல்லும் இன்னொரு பெரிய புழுவுக்கு எதிராக பி.டி. இங்கே பெரும்பாலும் வேலை செய்தது. அந்தப் புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளின்னு எதையும் தின்னும். அந்தப் பயிர்களே அதுக்கு இயற்கைப் புகலிடம். இளஞ்சிவப்புப் புழுவுக்கு அந்த வசதி இல்லை. அதுக்கு அந்த 120 கிராம்தான் ஒரே புகலிடம்.

விவசாயி ஏன் தூக்கிப் போட்டார்

"விவசாயி விதியைப் பின்பற்றலை, அதான் போச்சு"ன்னு ஒரு பதில் எல்லா இடத்திலும் கேட்கும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரின் இடத்தில் நின்னு யோசிங்க. அஞ்சில் ஒரு பங்கு நிலத்தை, தெரிஞ்சே புழுவுக்குக் கொடுக்கணும். அதனால் வரும் நஷ்டம் அவருக்கு, இந்த வருஷமே. கிடைக்கும் லாபமோ மாவட்டம் முழுக்க எல்லாருக்கும், பத்து வருஷம் கழித்து. பக்கத்து வயல்காரர் போடலைன்னா இவர் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஈடு கொடுக்க யாரும் இல்லை. பல இடங்களில் அந்தச் சின்னப் பையில் இருந்த விதையின் தரம் பற்றியும் புகார் இருந்தது. இந்த நிலைமையில் நானாக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும் என்ன செஞ்சிருப்போம்?

இன்னொரு காரணம் விதையிலேயே இருந்தது. மற்ற நாடுகள் பெரும்பாலும் குறுகிய கால ரகங்களில் இந்த மரபணுவை வைத்தன. இங்கே கிட்டத்தட்ட எல்லாமே ஹைப்ரிட். வருஷா வருஷம் விதை வாங்க வைக்க அது நிறுவனங்களுக்கு வசதி. ஆனா இந்த ஹைப்ரிட்கள் ஆறு மாசத்துக்கு மேல் வயலில் நிற்கும். நாக்பூரில் உள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் கே.ஆர். கிராந்தி குழு 2005-ல் காட்டியது: செடியில் விஷத்தின் அளவு நாளாக நாளாகக் குறையுது, சுமார் 110 நாளுக்குப் பிறகு புழுவைக் கொல்லும் அளவுக்கும் கீழே போயிடுது. பருவக் கடைசியில் பெருகும் புழு, அரைகுறை விஷம் இருக்கும் செடியில் மாசக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கிட்டது.

சின்ன விவசாயி என்றாலே முடியாதா? அதுக்குத்தான் மூன்றாவது நாடு, சீனா. யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் சிறு நிலங்கள்தான். அரசு புகலிடம் போடச் சொல்லவே இல்லை. அங்கேயும் எதிர்ப்பு மெல்ல ஏற ஆரம்பித்தது. பிறகு திரும்பவும் இறங்கியது. 2017-ல் வெளியான ஆய்வு காரணத்தைச் சொன்னது. பி.டி. பருத்தியையும் சாதாரணப் பருத்தியையும் கலந்து எடுத்த ஹைப்ரிட்டின் இரண்டாம் தலைமுறை விதை விலை குறைவு. விவசாயிகள் அதை வாங்க ஆரம்பிச்சாங்க. இரண்டாம் தலைமுறையில் மெண்டல் கணக்குப்படி நாலில் ஒரு செடிக்கு பி.டி. மரபணு இருக்காது. வயல் முழுக்க 25 சதவீதப் புகலிடம், யாரும் விதி போடாமலேயே! இந்தப் புழு ஒரே காய்க்குள் இருந்தபடி வளருவதால், செடிக்குச் செடி கலந்திருந்தாலும் கணக்கு சரியாக வேலை செய்தது.

நான் இந்தக் கதையில் இருந்து எடுத்துக்கொள்வது இதைத்தான். தனிப் பையில் 120 கிராம் கொடுத்து, அறிவுரையும் கொடுத்து, நஷ்டத்தை விவசாயி தலையில் போடும் திட்டம் தோற்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க முடியும். விதையிலேயே கலந்து கொடுத்தால் யாரும் தியாகி ஆக வேண்டியதில்லை. இங்கேயும் பிறகு அப்படிக் கலந்து கொடுக்கும் முறைக்கு வந்தார்கள். ஆனா அதுக்குள்ளே புழு ஜெயிச்சாச்சு.

கத்தரிக்காய் பக்கம்

தமிழ்நாட்டில் இதைப் பேசினால் கத்தரிக்காய் வராமல் இருக்காது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யூ 1, கே.கே.எம் 1, பி.எல்.ஆர் 1 என்ற நம்ம ஊர் ரகங்களில் அதே க்ரை 1ஏசி மரபணுவைச் சேர்த்தது. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. 2010 பிப்ரவரி 9-ம் தேதி அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். பங்களாதேஷ் 2013-ல் அனுமதித்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்துத் தொடங்கியது.

சாப்பிடலாமா, கூடாதா என்பதைச் சுற்றியே இங்கே விவாதம் நடந்தது. அது அவசியமான கேள்விதான். ஆனா பருத்தி சொல்லிக்கொடுத்த கேள்வி இன்னொன்று இருக்கு. அங்கேயும் ஒரே ஒரு புரதம். இவை ஹைப்ரிட் இல்லாத ரகங்கள், விதையை விவசாயியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அது ரொம்ப நல்ல விஷயம். ஆனா இரண்டாவது வருஷத்திலிருந்து பாக்கெட்டே இல்லாத இடத்தில் புகலிடத்தை யார் ஞாபகப்படுத்துவது? அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? எதிர்ப்பு வந்தால் முதலில் கண்டுபிடிப்பது யார்?

வான் மொன்டாகு மாதிரியான ஆட்கள் பல வருஷம் உழைத்து ஒரு மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோனார்கள். அதே கென்ட் ஆட்களே அது எப்படித் தோற்கும் என்பதையும் 1990-ல் எழுதி வைத்தார்கள். அந்த இரண்டாவது கட்டுரையையும் படிச்சு விதைத்திருந்தா, இந்தப் புரதம் இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும். அடுத்த முறை புது விதை ஒன்று வரும்போது, "இது பூச்சியைக் கொல்லுமா?"ன்னு கேட்கிறதோட நிறுத்தாமல், "எத்தனை வருஷம் கொல்லும், அதுக்கு யார் பொறுப்பு?"ன்னும் கேளுங்க.

உங்க வீட்டில் பருத்தி போட்டவங்க இருந்தா, அந்தச் சின்னப் பையை என்ன செஞ்சாங்கன்னு கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.